ஆத்தங்குடிக் கல்லை முடிவு செய்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சொந்தமாக வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பிளானை முதலில் போட்டுவிடுகிறார்கள். தரைக்கு என்ன, சுவருக்கு என்ன பூச்சு, முகப்பில் மரத்தூண் வேண்டுமா, ஊஞ்சல் எங்கே என்பதெல்லாம் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போகிறது. நானும் அப்படித்தான் செய்தேன். பூச்சு வேலை முடிந்த பிறகுதான், காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்லான ஆத்தங்குடிக் கல் போடலாம் என்று எங்கள் வீட்டில் முடிவானது. அந்தக் கல் ஏறக்குறைய முக்கால் அங்குலக் கனம், அடியில் கலவை ஒன்றரை அங்குலமாவது வேண்டும், ஆக இரண்டேகால் அங்குலம். எங்கள் கதவு நிலைகளை வைத்தவரோ சாதாரண டைல்ஸ் கணக்கில் வைத்திருந்தார். அறைக் கதவுகள் அத்தனையையும் கழற்றி அடியில் ஓர் அங்குலம் அறுக்க வேண்டியதாயிற்று. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தலைவாசல் படி பாதி தரைக்குள் புதைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அம்மா மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் படி அது, இப்போது விரல் அகலத்துக்குத்தான் மரம் தெரிகிறது.

ஆகவே தரையிலிருந்தே தொடங்குங்கள். எந்த அறைக்கு எந்தத் தரை என்று ஒரு தாளில் எழுதி, அதன் கனத்தையும் பக்கத்தில் எழுதி, நிலை வைப்பதற்கு முன் கொத்தனாரிடம் கொடுங்கள். ஓர் அறையில் ஆத்தங்குடி, அடுத்ததில் கடையில் வாங்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால் இரண்டின் கனமும் வேறு. கலவையை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்று அப்போதே பேசிவிட்டால் வாசலில் கால் இடறாது.

அடுத்தது அளவு. இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, ஆனால் வீட்டின் அழகே இதில்தான் இருக்கிறது என்பேன். ஆத்தங்குடிக் கல் அதிகம் புழங்குவது பத்துக்குப் பத்து அங்குலத்தில். பழைய வீடுகளில் கூடத்தைப் பாருங்கள், நடுவில் பூ, சுற்றி பார்டர், நான்கு மூலைக்கும் மூலைக்கல் என்று ஒரு ஜமுக்காளம் விரித்த மாதிரி இருக்கும். உங்கள் ஹாலை 16 அடிக்கு 20 அடி என்று போட்டால் 192 அங்குலத்தில் பத்தொன்பது கல் போக இரண்டு அங்குலம் மிஞ்சும். அந்த இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரிசைக் கல்லை நறுக்க வேண்டும், பார்டர் ஒரு பக்கம் அறுந்து நிற்கும். அதையே பூச்சு முடிந்த உள்ளளவாக 16 அடி 8 அங்குலம், 20 அடி 10 அங்குலம் என்று வைத்தால் ஒரு பக்கம் இருபது கல், மறு பக்கம் இருபத்தைந்து கல், மொத்தம் சரியாக 500. ஓரத்து வரிசைக்கு 86, அதில் மூலைக்கல் நான்கு. கல்லுக்குக் கல் விடும் இடைவெளிக்காக நீளத்தில் ஓர் அங்குலம் கூடுதலாக விடுங்கள், மிச்சம் ஏதும் தெரிந்தால் சுவரோரப் பட்டைக்கல் மறைத்துவிடும். அஸ்திவாரம் தோண்டும் முன்பு இந்த எட்டு, பத்து அங்குலத்தை மாற்றப் பென்சில் போதும்.

கல்லை எப்போது ஆர்டர் கொடுப்பது? சுவர் எழும்பும்போதே. ஆத்தங்குடிக்கே ஒரு முறை போய் நின்று பாருங்கள், ஏன் அவசரப்படுத்த முடியாது என்பது புரியும். கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கண்ணறையிலும் சிமெண்டில் கரைத்த நிறத்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை மெதுவாகத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும். மேலே உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவி, அதன் மேல் கலவையைப் போட்டு அமுக்குவார்கள். பிறகு காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப் போட்டு எடுக்கிறார்கள். சூளையே கிடையாது. அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் மினுமினுப்பு. கையால் ஊற்றும் நிறம் என்பதால் இந்த மாதச் சிவப்பும் அடுத்த வருடச் சிவப்பும் ஒன்றாக இருக்காது. நூற்றுக்குப் பத்து கல் கூடுதலாக வாங்கி மாடிப்படிக்கு அடியில் அடுக்கி வையுங்கள்.

இந்தக் கல் சிமெண்ட், அதனால் ஆசிட் பட்டால் அரிக்கும். குளியலறை வேண்டாம், திறந்தவெளி வேண்டாம். புளி, எலுமிச்சை, மஞ்சள் சிந்தும் அடுப்படிக்கும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பெயின்ட் வேலை முடிந்த பிறகு கடைசியாகப் பதியுங்கள். வேலை முடிந்ததும் "ஆசிட் போட்டுக் கழுவித் தர்றோம்ணே" என்று யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். வெறும் தண்ணீர், அவ்வப்போது துணியில் தொட்ட கொஞ்சம் தேங்காய் எண்ணெய், அப்புறம் வீட்டு ஆட்களின் வெறுங்கால். நடக்க நடக்கத்தான் அதற்குப் பளபளப்பு ஏறும்.

தூணுக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய தூண், நிலை, கதவு, ஜன்னல் எல்லாம் கிடைக்கும். வாங்குவதாக இருந்தால் பிளானுக்கு முன்பே வாங்குங்கள், ஏனென்றால் பழைய மரத்தின் உயரத்துக்குத்தான் நாம் போக வேண்டும், அறுத்துக் குட்டையாக்கினால் மேலே உள்ள போதிகை என்ற தலைக்கட்டையோடு பொருந்தாமல் குறுகிப் போய் நிற்கும். அடிப்பாகத்தை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், டொக்கென்று உள்ளீடற்ற சத்தம் வந்தால் கரையான் தின்றிருக்கலாம். ஈரம் ஏறாமல் இருக்கக் கீழே கல் பீடம் வையுங்கள். தூண் மேல் கான்கிரீட் பாரத்தை ஏற்றலாமா என்பதை இன்ஜினியர் பார்த்துச் சொல்லட்டும், ஓட்டுத் தாழ்வாரத்தைத் தாங்க வைப்பது நல்லது. பழைய நிலைகளில் குள்ளமானவை உண்டு, குனிந்து போகும் வாசலை இன்றைக்கு வைத்தால் விருந்தாளியின் நெற்றிதான் இடிபடும், அளந்து வாங்குங்கள். இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். அந்தத் தூண் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வளவை, அதாவது பழைய செட்டிநாட்டு வீட்டை, பிரித்து எடுத்தது. உங்கள் சொந்தத்தில் பழைய வீடு நின்றுகொண்டிருந்தால், அதைப் பிரித்துப் புது வீட்டுக்குத் தூண் எடுக்காதீர்கள், புது மரத்தில் கடைந்துகொள்ளுங்கள்.

முற்றம் வேண்டும் என்று எல்லோருமே கேட்கிறார்கள். வேண்டியதுதான், வெக்கையான ஊருக்கு அது மூக்கு மாதிரி, சூடான காற்று மேலே போக வழி. ஆனால் மேலே கண்ணாடியைப் போட்டு அடைத்துவிட்டால் மதியத்தில் அடுப்பாகிவிடும். திறந்தபடி விட்டு, திருடனுக்கும் குரங்குக்கும் கம்பி கிரில் போதும். மழை உள்ளே வரத்தான் செய்யும். நம் பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான், சில நாள் ஒரே மூச்சில் கொட்டும். அதனால் முற்றத்தைத் தாழ்வாரத்தைவிட அரையடி தாழ்த்தி, தளத்துக்குச் சரிவு கொடுத்து, நாலு அங்குலக் குழாயில் இரண்டு வழி விடுங்கள். ஒன்றில் இலை அடைத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். தண்ணீரை வீணாகத் தெருவுக்கு அனுப்பாமல் கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ திருப்புங்கள், முற்றத்து மழையைச் சேமித்து, மிச்சத்தை ஊருணிக்கு அனுப்பிய ஊர் இது. முற்றத்துத் தரைக்குச் சொரசொரப்பான கருங்கல்.

சுவருக்குச் செட்டிநாட்டுப் பூச்சு செய்ய ஆசையா? சுண்ணாம்பை ஊறவைத்து அரைத்து, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய்த் தண்ணீர் எல்லாம் சேர்த்து, பல கோட்டாகப் பூசித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவது. தொட்டால் பளிங்கு மாதிரி குளிர்ச்சியாக இருக்கும். வீடு முழுக்கச் செய்யக் காசும் காலமும் தாங்காது, முகப்பு ஒன்றுக்கு மட்டும் செய்யுங்கள், போதும். முக்கியமான விஷயம், அதன் மேல் பிறகு டிரில் போட்டால் அந்த வடு மறையாது. ஆகவே பூச்சுக்கு முன்பே சாமி படம், கடிகாரம், டிவி, சுவிட்ச் எங்கே என்று சாக்பீஸால் சுவரில் வரைந்து, அந்த வீட்டில் இருக்கப் போகும் எல்லோரையும் நிற்க வைத்துக் கேளுங்கள். எங்கள் அப்பத்தா கட்டில் போடும் இடத்தில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினார், அந்தக் கை எட்டிய உயரத்தில்தான் சுவிட்ச் வைத்தோம். அவருக்கு இருட்டில் எழ வேண்டியதில்லை. குளியலறையில் பிடித்து எழக் கம்பியும் அப்படித்தான், டைல்ஸ் ஒட்டும் முன்பே இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊஞ்சல் கொக்கி கான்கிரீட் போடும் முன்பே மேல்தளக் கம்பியோடு கட்டப்பட வேண்டும், பின்னால் துளை போட்டு மாட்டுவது ஆபத்து. ஏசி, இன்வெர்ட்டர், சோலார் மூன்றுக்கும் குழாயை அப்போதே விட்டுவையுங்கள், கம்பி பிறகு இழுத்துக்கொள்ளலாம்.

அடுப்படி மேடை உயரத்தை, அங்கே நிற்கப் போகிறவரை நிற்க வைத்து அளந்து முடிவு செய்யுங்கள். கிரைண்டருக்குத் தாழ்வாக ஓர் இடம், பின்கட்டில் பாத்திரம் விளக்கக் குழாயடி, வற்றல் வடகம் காயவைக்க மாடிக்கு ஏறப் பக்கத்திலேயே ஒரு படி. இவை இருந்தால் வேலை செய்கிறவருக்கு இடுப்பு தப்பிக்கும்.

கடைசியாகக் காண்ட்ராக்ட். "நல்ல தரமான டைல்ஸ்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். என்ன கல், என்ன அளவு, சதுரடிக்கு எவ்வளவு ரூபாய் வரை, பதிக்கும் கூலி அதில் சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். அவர் கணக்கில் சதுரடி 60 ரூபாய், உங்களுக்குப் பிடித்தது 100 ரூபாய் என்றால், 1200 சதுரடிக்கு வித்தியாசம் மட்டும் 48,000. அது குடிபோகும் மாதத்தில் வந்து நின்றால் கஷ்டம். கதவு மரம், கைப்பிடி, குழாய், பெயின்ட் எல்லாவற்றுக்கும் இதே மாதிரி ஒரு வரி.

பூச்சுக்கு முந்திய நாள் ஒவ்வொரு சுவரிலும் தரையிலிருந்து டேப்பை நிறுத்தி, வயர் குழாயும் தண்ணீர்க் குழாயும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அறைப் பெயரோடு போனில் சேர்த்து வையுங்கள். நாளைக்கு எங்கே ஆணி அடிக்கலாம் என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.