கோப்பு நேரம்: சி நூலகத்தின் எல்லையில் டைம்_டி வேண்டாம்

நூலகத்தின் பொது ஹெட்டரில் டைம்_டி (சி மொழியில் நேரத்தை நொடிக் கணக்கில் வைக்கும் வகை) வைக்காதீர்கள். விஷுவல் சி++ 2005 முதல் அது இயல்பாக 64 பிட். 32 பிட் பில்டில் _யூஸ்_32பிட்_டைம்_டி மேக்ரோ போட்டால் 32 பிட். நூலகம் ஒருவிதமாகவும் அதை அழைக்கும் புரோகிராம் வேறுவிதமாகவும் கம்பைல் ஆனால் ஸ்ட்ரக்டின் உறுப்புகள் இடம் மாறிவிடும். லிங்கர் வாயே திறக்காது.

எல்லையில் நொடிக்கு இன்ட்64_டி, நானோநொடிக்குத் தனியே இன்ட்32_டி போதும். விண்டோஸின் ஃபைல்டைம் 1601 ஜனவரி 1 முதல் 100 நானோநொடி அலகில் எண்ணுகிறது. அதன் மேல், கீழ் 32 பிட் பகுதிகளை ஷிஃப்ட் செய்து சேர்த்து, குறியுள்ள 64 பிட்டில் 116444736000000000 (1601 முதல், டைம்_டி எண்ணத் தொடங்கும் 1970 ஜனவரி 1 வரையிலான இடைவெளி, அதே அலகில்) கழித்து, ஒரு கோடியால் வகுங்கள். மீதியை 100 ஆல் பெருக்கினால் நானோநொடி. ஃபைல்டைம் பாயின்டரை நேரடியாக 64 பிட் எண்ணின் பாயின்டராகக் காஸ்ட் செய்வது சோம்பேறி வழி; அலைன்மென்ட் (நினைவக முகவரி ஒழுங்கு) உதைக்கும். 1970க்கு முந்தைய நேரமானால் மீதி எதிர்மறையாக வரலாம்: அப்போது நொடியில் 1 குறைத்து, மீதியில் ஒரு கோடி கூட்டிவிட்டுப் பெருக்குங்கள்.

ஃபேட் கோப்பு முறைமை உள்ள வட்டில் திருத்த நேரம் 2 நொடித் துல்லியம்தான்; அச்சொட்டாகச் சமம் பார்க்கும் டெஸ்ட் அங்கே தோற்கும்.