நார்த் சேனல் தீவுகளிடையே இருவராகப் படகில் செல்ல

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஹூரான் ஏரியின் வடகரைக்கும் மானிட்டூலின் தீவுக்கும் நடுவே கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் நீர்ப்பரப்புக்கு நார்த் சேனல் என்று பெயர். 2,766 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மானிட்டூலின், உலகில் ஏரிகளுக்குள் அமைந்த தீவுகளிலேயே மிகப் பெரியது. அது தெற்கே அரணாக நிற்பதால் பேரேரியின் பெரிய அலைகள் பெரும்பாலும் உள்ளே எட்டுவதில்லை. கணவனும் மனைவியுமாக, வேறு ஆள் துணையின்றிப் படகோட்ட இது மிகவும் ஏற்ற இடம்.

ஒரு வாரம்தான் கிடைக்கிறது என்றால் கிழக்குப் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கில்லார்னி ஊரில் தொடங்கி, குவார்ட்சைட் எனும் கடினமான வெண்பாறைக் குன்றுகளுக்கு இடையே ஒடுங்கிச் செல்லும் பே ஃபின் நீர்வழியில் ஓரிரு இரவுகள் தங்கி, மானிட்டூலினிலுள்ள லிட்டில் கரண்ட் ஊர் வழியாக இளஞ்சிவப்புக் கருங்கல் பாறைகளாலான பெஞ்சமின் தீவுகளை அடைவது நிதானமான பாதை. லிட்டில் கரண்டில் 1913-இல் கட்டப்பட்ட சுழல் பாலம், படகுப் பருவத்தில் பகல் நேரத்தில் மணிக்கு ஒருமுறை திறக்கும். பாய்மரப் படகில் வருபவர்கள் அதற்கேற்பப் புறப்பட வேண்டும். அங்கு நீரோட்டமும் வேகமானது, காற்றைப் பொறுத்துத் திசை மாறக்கூடியது.

ஒரு நாளுக்கு 20 கடல் மைலுக்கு (சுமார் 37 கிலோமீட்டர்) மேல் திட்டமிட வேண்டாம். காலையில் புறப்பட்டுப் பிற்பகல் இரண்டு மணிக்குள் நங்கூரமிட்டுவிட்டால், மேற்குக் காற்று வலுப்பதற்கும் நல்ல ஒதுக்கிடங்கள் நிரம்புவதற்கும் முன்பே இடம் பிடித்துவிடலாம். மேலும், சூரியன் உயரத்தில் இருக்கும்போதுதான் நீருக்கடியில் உள்ள பாறைகள் கண்ணுக்குத் தெரியும். அதிகாரபூர்வ வரைபடத்தை அருகிலேயே வைத்திருங்கள். அதில் குறித்த ஆழங்கள், ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 176.0 மீட்டராக இருக்கும் நிலையைக் கணக்கில் கொண்டவை. மட்டம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதால், அன்றைய மட்டத்தைப் பார்த்து வேறுபாட்டைக் கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும்.

நங்கூரமிடும் வேளையில்தான் தம்பதியருக்குள் குரல் உயர்கிறது. வலிமை மிக்கவர் சுக்கானைப் பிடித்து நிற்க, மற்றவர் முன்பக்கத்தில் கனத்த நங்கூரத்தோடு போராடுவதைப் பல படகுகளில் காணலாம். அதை மாற்றிவிடுங்கள், சுக்கானுக்கு வலிமை தேவையில்லை. எஞ்சின் இரைச்சலில் சொல் கேட்காது என்பதால், முன்னே, பின்னே, நிறுத்து, இடம், வலம் ஆகிய ஐந்துக்கும் கைச்சைகைகளைக் கரையிலேயே பேசி வையுங்கள். ஆழம் 4 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து படகின் முகப்பு 1 மீட்டர் உயரம் என்றால், கணக்குக்கு 5 மீட்டர். கயிறானால் அதைப்போல் ஏழு மடங்கு, அதாவது 35 மீட்டர் விட வேண்டும், முழுவதும் சங்கிலியானால் ஐந்து மடங்கு போதும். பிறகு எஞ்சினை மெல்லப் பின்னோக்கி இயக்கி, கரையிலுள்ள இரண்டு மரங்களை ஒரே கோட்டில் வைத்துப் பாருங்கள். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் நங்கூரம் பிடிக்கவில்லை, எடுத்து மீண்டும் இடுங்கள். வழவழப்பான பாறைத் தரையைவிடச் சேற்றுத் தரை நன்றாகப் பிடிக்கும். குறுகிய ஒதுக்கிடத்தில் படகு சுழலாதிருக்கப் பின்பக்கத்திலிருந்து கரைமரத்துக்கு ஒரு கயிறு கட்டலாம்.

மோட்டார் படகை ஓட்டுபவரிடம் தகுதிச் சான்று இருக்க வேண்டும், ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும், கழிவுநீரை ஏரியில் விடக்கூடாது. அந்தி சாயும்போது கொசுக்கள் திரண்டு வரும், ஆகவே வலைத்திரைகளைக் கிழிசல் இல்லாமல் வைத்திருங்கள். ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை பாறையிடுக்குகளில் காட்டு அவுரிநெல்லி பழுத்திருக்கும்; கரையிறங்கும்போது ஒரு கிண்ணம் எடுத்துச் செல்லுங்கள். தீவுகளில் சில தனியாருக்கும் பழங்குடி மக்களுக்கும் உரியவை என்பதால், அனுமதி பெறாமல் அங்கு கால்வைக்க வேண்டாம்.

வாடகைக்கு எடுத்த படகைத் திருப்பித் தரும் நாளுக்கு முன் ஒரு நாளை எத்திட்டமும் இல்லாமல் விட்டுவையுங்கள். காலை வானிலை அறிவிப்பு பலத்த காற்றைச் சொன்னால், இருந்த இடத்திலேயே கூடுதல் கயிறு விட்டுத் தங்க அந்த நாள் தேவைப்படும்.