அசெம்பிளி லைனில் புதிய ஸ்டேஷன்: ரிமோட் ஐஓ சேர்க்கும் முறை

கார் மாடல் மாறும்போது அசெம்பிளி லைனில் ஒரு ஸ்டேஷன் கூடும், இன்னொன்று இடம் மாறும். எல்லா சென்சார் வயரும் மெயின் பேனலுக்கே போனால், ஒவ்வொரு முறையும் கேபிள் ட்ரேயைப் பிரிக்க வேண்டியதுதான். ரிமோட் ஐஓவை (சென்சார், வால்வு வயர்களை அங்கேயே வாங்கி, நெட்வொர்க் கேபிள் வழியாக மெயின் பேனலில் உள்ள பிஎல்சி என்ற கண்ட்ரோலரோடு பேசும் பெட்டி) ஸ்டேஷனிலேயே வைத்துவிட்டால் 24 வோல்ட், காற்றுக் குழாய், நெட்வொர்க் கேபிள், சேஃப்டி வயர் ஆகியவற்றைக் கழற்றினால் போதும். சீமென்ஸின் ரிமோட் ஐஓவான இடி 200எஸ்பியை புரொஃபிநெட்டில் (ஈதர்நெட் வழியாக ஓடும் தொழிற்சாலை நெட்வொர்க்) இணைப்பதைப் பார்ப்போம்.

படி 1: ரெயிலில் அடுக்குங்கள்
இடமிருந்து வலமாக இன்டர்ஃபேஸ் மாட்யூல் (நெட்வொர்க் கேபிள் சேரும் இடம்), பேஸ் யூனிட்கள் (ஐஓ மாட்யூல்கள் உட்காரும் அடிப்பகுதி), கடைசியில் வரிசையை முடிக்கும் சர்வர் மாட்யூல். சர்வர் மாட்யூல் விட்டுப்போனால் ஐஓ எதுவும் வேலை செய்யாது. முதல் பேஸ் யூனிட் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். 24 வோல்ட் அதில்தான் நுழைகிறது. அடர் நிற யூனிட் தன் இடப்பக்கத்திலிருந்து சப்ளையை எடுத்துக்கொள்ளும்.

அவுட்புட் தொடங்கும் இடத்தில் கட்டாயம் இன்னொரு வெளிர் யூனிட் போடுங்கள். அதன் சப்ளை சேஃப்டி ரிலே வழியாக வரட்டும். எமர்ஜென்சி அழுத்தினால் வால்வுகளுக்கான கரன்ட் மட்டும் நின்றுவிடும். சென்சார்கள் லைவாக இருப்பதால் சிலிண்டர் எங்கே நின்றது என்று ஸ்கிரீனில் தெரியும்.

படி 2: கேபிள்
செம்புக் கேபிள் ஒரு துண்டு 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. சர்வோ மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் ஓட்டாதீர்கள்.

படி 3: பெயர் கொடுங்கள்
புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். ஐபி முகவரி மட்டும் போட்டால் போதாது. பிஎல்சி தன் ஐஓவைத் தேடுவது பெயரை வைத்து. புராஜெக்டை பிஎல்சியில் இறக்கினாலும் பெயர் தானாக மாட்யூலுக்குப் போகாது. டிஐஏ போர்ட்டலில் (சீமென்ஸின் புரோகிராமிங் மென்பொருள்) ஆன்லைனில் போய் மாட்யூலுக்குப் பெயரை எழுத வேண்டும். ஒரே மாதிரி ஐந்தாறு மாட்யூல் இருந்தால் விளக்கை மினுக்க வைத்து, சரியானதுதானா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். பெயர் ஓர் எழுத்து மாறினாலும் பிஎல்சியின் எரர் விளக்கு சிவப்பாக மினுக்கும்.

எந்த போர்ட் எதோடு சேர்கிறது என்பதையும் டோபாலஜி திரையில் வரைந்துவிடுங்கள். இரவு ஷிஃப்டில் மாட்யூல் பழுதானால், புதியதை மாட்டியதும் பெயர் தானாகவே வந்துவிடும், லேப்டாப் தேவைப்படாது. வேறு மெஷினிலிருந்து கழற்றிய மாட்யூல் என்றால் பழைய பெயரை அழித்துவிட்டு மாட்டுங்கள்.

படி 4: வாட்ச்டாக் (தொடர்பு அறுந்ததா என்று கண்காணிக்கும் நேரம்)
அப்டேட் நேரம் 2 மில்லிசெகண்ட், தவறலாம் என அனுமதிக்கும் சுழற்சி 3 என்றால், 6 மில்லிசெகண்டில் தொடர்பு அறுந்ததாக பிஎல்சி முடிவு செய்யும். அடிக்கடி அறுந்தால் எண்ணைக் கூட்டாதீர்கள். முதலில் கனெக்டரையும் ஷீல்டையும் பாருங்கள்.

படி 5: கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்
பாகம் ஏற்றாமல், ஆட்களை விலக்கிவிட்டு நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். மாற்றி அமைக்காவிட்டால் அவுட்புட் எல்லாம் 0 ஆகும். ஒற்றைக் காயில் வால்வு ஸ்பிரிங்கால் திரும்பி, கிளாம்ப் திறந்து, பாகம் விழுந்துவிடலாம். கிளாம்புக்கு இரட்டைக் காயில் வால்வு போடுங்கள்; சிக்னல் போனாலும் கடைசி நிலையிலேயே நிற்கும்.