போர்சினி பறிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

செப்டம்பர் வந்தால் ஜெர்மனியின் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளில், போர்சினி என்ற உண்ணும் காட்டுக் காளானைத் தேடிப் புதியவர்கள் கூடையோடு திரிய ஆரம்பித்துவிடுவார்கள். அடையாளம் தெரியாததைத் தின்னாதே என்பது எல்லோருக்கும் தெரியும்; அதை விட்டுவிடுகிறேன்.

நீலமாகவில்லை, அதனால் நல்லது

வெட்டினால் நீலமாகும் காளான்தான் கெட்டது என்று ஒரு நம்பிக்கை. "வெட்டிப் பார்த்தேன், நீலமாகல. போர்சினிதான்." ஒவ்வொரு வருடமும் யாராவது இதைச் சொல்கிறார்கள், எனக்கும் தவறாமல் எரிச்சல் வருகிறது. போர்சினி, அதாவது அறிவியல் பெயரில் போலீட்டஸ் எடுலிஸ் (முதல் சொல் பேரினப் பெயர்), வெட்டினால் வெள்ளையாகவே இருக்கும் என்பது சரி. ஆனால் அதே மரங்களடியில் முளைக்கும் கசப்புக் காளான் டைலோபிலஸ் ஃபெல்லியஸும் நீலமாகாதே! கொல்லும் விஷம் இல்லை. ஆனால் ஒன்று விழுந்தாலும் சட்டி முழுக்க வேப்பங்காய்; வேகவைத்தாலும் போகாது.

தெரிந்த பையன் ஒருவன் காலையெல்லாம் பொறுக்கியதை வெண்ணெயில் வதக்கி விருந்தாளிகளுக்கு வைத்தான். முதல் வாயோடு எல்லோரும் தட்டைத் தள்ளிவிட்டார்கள். கசப்புக் காளானின் குடைக்கு அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக இருக்கும் என்று படித்திருந்தானாம். அது முற்றிய பிறகு. இளசில் அதுவும் வெள்ளைதான்.

தண்டைப் பாருங்கள். போர்சினிக்கு மேல்பகுதியில் மெல்லிய வெள்ளை வலை. கசப்புக் காளானுக்குத் தடித்த பழுப்பு வலை. இன்னும் சந்தேகமா? கடுகளவு நாக்கில் வைத்துத் துப்பிவிடுங்கள். இது குடைக்கு அடியில் துளைகள் உள்ள, அந்தத் துளைகள் சிவப்பாக இல்லாத காளானுக்கு மட்டும். மடிப்பு மடிப்பாக இருந்தால் வாயருகே கொண்டுபோகவே கூடாது.

பேரினப் பெயரை நம்புவது

1782இல் எடுலிஸை விவரித்த பிரெஞ்சுக்காரர் புல்லியார்தான் 1788இல் அந்தக் கசப்பையும் போலீட்டஸ் ஃபெல்லியஸ் என்று எழுதினார். வயிற்றைப் புரட்டியெடுக்கும் சாத்தான் காளானும் 2014 வரை போலீட்டஸ்தான், இப்போது ரூப்ரோபொலீட்டஸ். மரபணுவைப் பார்த்து இந்தக் குடும்பத்தை இன்னும் பிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். "போலீட்டஸ் என்றால் தின்னலாம்" என்பது எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை.

பழைய கையேடு

பெயர் மாறியிருக்கும். புதியதையும் பாருங்கள்.

கடைப் பாக்கெட்டை வைத்துப் பழகுவது

போர்சினி சந்தைப் பெயர். இத்தாலியில் நான்கு சிற்றினங்களை அப்படி விற்கிறார்கள். லண்டனில் வாங்கிய ஒரே பாக்கெட்டில் 15 உலர்ந்த துண்டுகளின் மரபணுவைக் கியூ தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் சோதித்தார்கள். சீனாவிலிருந்து வந்த சரக்கு. அதுவரை அறிவியல் பெயரே இல்லாத 3 சிற்றினங்கள் கிடைத்தன; 2014இல் பெயர் வைத்தார்கள். அந்தத் துண்டை நீங்கள் காட்டுக் காளானோடு ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

பெரியதாகத் தேடுவது

உள்ளே புழு. காட்டிலேயே பிளந்து பாருங்கள்.