கல்லூரி சீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு காரைக்குடி, கல்லல், தேவகோட்டை பக்கத்துப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு என்னிடம் விண்ணப்பம் போட வருவார்கள். நான் கல்லூரியில் சேர்ந்தபோது எங்கள் வீட்டில் நடந்த அதே தவறுகளை இவர்களும் செய்துவிட்டு வந்து நிற்கிறார்கள். போட்டோ அளவு, இனிஷியல் பிழை எல்லாம் இ-சேவை மையத்திலேயே சொல்லிவிடுவார்கள், அதை விடுங்கள்.

அரசு நடத்தும் பொறியியல் சேர்க்கைக் கவுன்சிலிங்குக்கு முன்பே ஏஜென்டிடம் பணம் கொடுப்பது

இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர், மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, நன்றாகப் படிக்கிற பிள்ளை. ரிசல்ட் வருவதற்குள் ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்து, "சீட்டு தீர்ந்துக்கிட்டே இருக்குண்ணே, இப்பவே பிளாக் பண்ணிருங்க" என்று சொல்ல, மனைவியின் தோட்டை அடகு வைத்து 30,000 ரூபாய் கொடுத்துவிட்டார். ரசீதை வாங்கிப் பார்த்தேன். கல்லூரி முத்திரை இல்லை, பாடப்பிரிவு இல்லை, 'அட்வான்ஸ்' என்று பேனாவால் எழுதி கீழே ஒரு கிறுக்கல்.

அந்தப் பணத்தோடு போயிருந்தால் கூடத் தேற்றிக்கொள்ளலாம். சீட்டுதான் கிடைத்துவிட்டதே என்று கவுன்சிலிங்குக்குப் பதிவே செய்யவில்லை, நான் கேட்டபோது கடைசித் தேதி முடிந்திருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்கான முதல் பட்டதாரி சலுகையும் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். கல்லூரி நிர்வாகமே நேரடியாகக் கொடுக்கும் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இரண்டும் போச்சு. இத்தனைக்கும் அதே கல்லூரியில், அதே பாடப்பிரிவில், கவுன்சிலிங் முடிந்த பிறகும் இடம் காலியாகவே கிடந்தது!

யார் என்ன சொன்னாலும் முதலில் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்யுங்கள். காரைக்குடியிலேயே 1952-ல் தொடங்கிய அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, அதற்குள் நுழையவும் கவுன்சிலிங்தான் வழி.

கல்விக்கடன் கேட்டு, வங்கி மேனேஜர் வாயால் 'கிடையாது' என்றதும் திரும்பி வந்துவிடுவது

வங்கிக்குப் போகும் முன், கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 4 லட்சம் வரை நம் கைப்பணம் போடத் தேவையில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் தேவையில்லை. இது தெரியாமல்தான் பலர் நேராக அடகுக்கடைக்கோ வட்டிக்காரரிடமோ போகிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, பிள்ளை தகுதியுள்ள கல்லூரியில் தொழிற்படிப்பு படித்தால், படிக்கும் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. ஆனால் வருமானச் சான்றிதழோடு வங்கியில் போய்க் கேட்க வேண்டும், தானாக வராது.

வருமானச் சான்றிதழை ஜூலை வரை தள்ளிப்போடுவது

ஏப்ரலிலேயே வாங்கிவிடுங்கள்.

அரசு தரும் மாதம் 1,000 ரூபாயைக் கேட்காமல் விடுவது

அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டம், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். சேர்ந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

பஸ், விடுதி, தேர்வுக் கட்டணங்களை விசாரிக்காமல் சேர்வது

எழுத்தில் வாங்குங்கள்.

கட்டிய பணம் போய்விடுமே என்று பிடிக்காத இடத்திலேயே தொடர்வது

பொறியியல் கல்லூரி என்றால் தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி தெளிவாக இருக்கிறது: அவர்கள் அறிவிக்கும் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. விலகல் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு நகலும் தபால் ரசீதும் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி பெயரில் ரசீது வாங்காமல் ஏஜென்ட் கையில் கொடுத்த பணத்தை இப்படிக் கேட்டு வாங்குவது ரொம்பக் கஷ்டம்.