புது ஆம்ப் வாங்கும் முன் நாற்காலியை நகர்த்துங்கள்

நண்பரின் மகன் புதிதாக ஸ்டீரியோ வாங்கியிருக்கிறான் என்று கேட்கப் போயிருந்தேன். முதல் பாட்டு முடிவதற்குள் கேட்டுவிட்டான்: "அங்கிள், பாஸ் சரியாவே வரல. ஆம்ப்புக்குப் பவர் பத்தலையோ?" (பாஸ் என்றால் பாட்டின் தாழ்ந்த, கனத்த ஒலி; ஆம்ப் என்றால் ஸ்பீக்கருக்குச் சக்தி தரும் ஆம்ப்ளிஃபயர்.) எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவன் மேல் இல்லை. பதினைந்து வருடம் முன்பு இதே கேள்வியை நான் ஒரு கடைக்காரரிடம் கேட்டேன். அவர் யோசிக்காமல் "ஆமா, பத்தாது" என்றார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இங்கே பெரும்பாலும் எழுதப் போகிறேன்.

கீழே வரும் ஒவ்வொரு தலைப்பும் ஸ்டீரியோ வைப்பவர்கள் செய்யும் ஒரு தவறு. இடது வலது மாற்றி மாட்டாதீர்கள், ஸ்பீக்கரைச் சோபாவுக்குப் பின்னால் மறைக்காதீர்கள் என்பதெல்லாம் இதில் வராது. அவற்றை யாரும் இரண்டே நாளில் தானே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அறையின் நட்ட நடுவில் உட்காருவது

என் அறை 4.3 மீட்டர் நீளம். முன்னும் பின்னும் சமமாக இடம் விட்டு நாற்காலியை நடுவில் போட்டிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாஸ் கிடாரின் அடிக்கம்பி ஒலிக்கும்போதெல்லாம் என்னவோ குறைந்தது. தொப்பை இருக்கிறது, கால் இல்லை என்பது போல ஒரு சத்தம்.

காரணம் எளிய கணக்கு. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு நடுவே, எந்த அதிர்வெண்ணின் பாதி அலைநீளம் அறையின் நீளத்துக்குச் சமமோ, அது நின்று அதிரத் தொடங்கிவிடும். 343-ஐ அறை நீளத்தின் இரு மடங்கான 8.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 40 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்ணில் இரண்டு சுவரோரமும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், சரியாக நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். அதன் இரட்டிப்பான 80 ஹெர்ட்ஸுக்கோ நடுவிலும் உச்சம். பாஸ் கிடாரின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், அதன் மேல் ஸ்தாயி 82. ஆக, என் நாற்காலியில் அடிச்சுரம் காணாமல் போய், அதன் மேல்சுரம் மட்டும் ஊதிப் பெருத்துக் கேட்டது. ஆம்ப் பாவம், தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

இது தெரியாமல் இரண்டு மடங்கு வாட்ஸ் உள்ள ஆம்ப்பை வாங்கி வந்தேன். வாட்ஸ் இரட்டித்தால் ஒலி அளவில் கூடுவது 3 டெசிபல்தான். எல்லாச் சுரமும் சேர்ந்து அந்த 3 டெசிபல் ஏறும், அடிச்சுரம் அமுங்கிய பள்ளம் பள்ளமாகவே இருக்கும். அப்புறம் ஸ்பீக்கர்தான் சின்னது என்று முடிவு கட்டினேன். நல்ல ஜோடி ஒன்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டு ஆளுயரத்துக்கு ஒரு ஜோடி வாங்கினேன். அதிலும் அதே ஓட்டை. மூன்றாவதாக, அதிர்வெண்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் ஈக்வலைசர். 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் ஏற்றினேன். 10 டெசிபல் என்றால் அந்த இடத்தில் ஆம்ப் பத்து மடங்கு பவர் தள்ள வேண்டும். தள்ளியும் பயனில்லை, ஏனென்றால் நேராக வரும் அலையை ஏற்றினால் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அதை அழிக்கிற அலையும் கூடவே ஏறுகிறது. ஒரு ராத்திரி கருகிய வாசனை வந்தது. பாஸ் ஒலிக்கும் பகுதியான புது வூஃபரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்து போயிருந்தது.

கடைசியில் எப்படித் தெரிந்தது என்றால், பாட்டு ஓடும்போது பின்சுவர் அலமாரியில் ஏதோ எடுக்கப் போனேன். அங்கே குனிந்து நின்ற எனக்கு, இத்தனை நாள் தேடிய பாஸ் முழுசாகக் கேட்டது. நாற்காலியை அரை மீட்டர் பின்னால் தள்ளினேன். அவ்வளவுதான். இரண்டு ஆம்ப், இரண்டு ஜோடி ஸ்பீக்கர், ஒரு காயில், எல்லாம் இந்த அரை மீட்டருக்காக! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, எங்கே உட்காரலாம்? காது பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் தள்ளி இருக்கட்டும் என்று ஒரு வழக்கு உண்டு. என் அறைக்கு அது சுமார் 1.6 மீட்டர். அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், அங்கிருந்து தொடங்கலாம். பாஸ் கிடார் ஒவ்வொரு சுரமாக ஏறி இறங்கும் ஒரு பாட்டைப் போட்டு, பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்ந்து, எல்லாச் சுரமும் ஒரே அளவில் கேட்கும் இடத்தில் நில்லுங்கள். பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் எதிர்த் தொல்லை, பாஸ் எல்லாமே வீங்கிவிடும்.

ஸ்பீக்கருக்கும் இதே கதைதான். அதன் பின்னால் இருக்கும் முன்சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைத்தால் 86 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும், தூரம் மாற மாறப் பள்ளமும் இடம் மாறும். வூஃபரிலிருந்து தரை, பக்கச்சுவர், முன்சுவர் மூன்றுக்கும் தூரம் ஒன்றாக இருந்தால் மூன்று பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகிவிடும். மூன்றையும் வேறு வேறாக வையுங்கள்.

பாஸுக்கென்றே இருக்கும் தனிப்பெட்டியான சப்வூஃபர் இருந்தால் ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. அதை உங்கள் நாற்காலி இருக்கும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பாஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வையுங்கள். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்வது நல்லது.

சுவரெல்லாம் ஃபோம் ஒட்டுவது

50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அதை 2.5 சென்டிமீட்டர் ஃபோம் என்ன செய்துவிடும்? அது ட்ரெபிளை (உச்ச ஒலிகளை) மட்டும் குடித்துவிட்டுப் பாஸை அப்படியே விட்டுவிடும். விளைவு, அறை பஞ்சு அடைத்தது போல மந்தமாகவும் இருக்கும், குடம் போல உறுமவும் செய்யும். முட்டை அட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அதற்குப் பதில், நீங்கள் நாற்காலியில் இருங்கள், பக்கச்சுவரை ஒட்டி ஒருவர் கண்ணாடியை நகர்த்தட்டும். ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) எங்கே கண்ணாடியில் தெரிகிறதோ, அங்கேதான் முதல் பிரதிபலிப்பு. அந்த இடத்துக்கு மட்டும் 10 சென்டிமீட்டர் தடிமனில் ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பேனல், பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு. தரைக்கு ஒரு கெட்டியான கம்பளம் போதும்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறுவது

பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கலைந்து கேட்டால், பாஸும் வற்றியிருந்தால், முதலில் இதைப் பாருங்கள்.

ஒயருக்குக் கொட்டிக் கொடுப்பது

2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 5 மீட்டர், போக வர மொத்தத் தடை சுமார் 0.07 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம், அதன் முன் இது தூசு. முடிந்தது.

ரெக்கார்ட் சுழலும் டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே அலமாரியில் வைப்பது

வேண்டாம்.

'ம்ம்' என்ற ஹம் சத்தம் போக எர்த்தைத் துண்டிப்பது

உயிர்ச் சமாச்சாரம். வேறு வழி தேடுங்கள்.

ஒலி அளவைச் சமன் செய்யாமல் ஒப்பிடுவது

ஒரே பாட்டை இரண்டு ஆம்ப்பில் கேட்டால், கொஞ்சம் உரக்க ஒலிப்பது நமக்கு நன்றாக இருப்பதாகத் தோன்றும். வித்தியாசம் ஒரு டெசிபல்கூட இருக்காது, உரக்க இருக்கிறது என்று உணரமாட்டோம், "தெளிவா இருக்கு" என்போம். நானும் அப்படித்தான் ஒரு மாலை முழுக்க இரண்டு ஆம்ப் பெட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஒன்றின் அருமையை நண்பர்களிடம் அரை மணி நேரம் விளக்கினேன். அடுத்த நாள் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் ஒரே வோல்டேஜுக்குக் கொண்டு வந்து கேட்டேன். எது எதுவென்று என்னால் சொல்ல முடியவில்லை. இதை நண்பர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.