ஸ்டாப்வாட்சை அழுத்தும் முன்: விளையாட்டு அறிவியல் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளையாட்டு அறிவியல் படிக்க வருபவர்களில் பெரும்பாலோர் நன்றாக ஆடியவர்கள். மாவட்டக் கபடி, மண்டலத் தடகளம் என்று சான்றிதழ்க் கட்டோடு வருவார்கள். அந்தக் கட்டு சேர்க்கைக்கு உதவும், உடலியங்கியல் தாளுக்கு உதவாது. இது அளவெடுக்கும் படிப்பு. இங்கே வரும் தவறுகளில் முக்கால்வாசி, எண்ணை எப்படி எடுத்தோம் என்று யோசிக்காததால் வருபவை.

சேருவதற்கு முன்பே நடக்கும் தவறு ஒன்று உண்டு, அதை முதலில் முடித்துவிடலாம். பட்டங்களின் பெயர்கள் ஒன்றுபோலத் தெரிவதால் ‘எல்லாம் பி.டி. வாத்தியார் வேலைக்குத்தானே’ என்று நினைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக பி.பி.எட். போன்ற ஆசிரியர் பயிற்சித் தகுதி வேண்டும். பி.பி.எட். என்பது பட்டம் முடித்தபின் படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு. விளையாட்டு அறிவியலில் இளநிலைப் பட்டம் மட்டும் அந்தக் கதவைத் திறக்காது. பயிற்சியாளர் ஆக நினைப்பவர்கள் நாடுவது பட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்.ஐ.எஸ்.) டிப்ளமோவை. பிசியோதெரபி முற்றிலும் வேறு படிப்பு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்திலும் உடற்கல்வித் துறைகள் இருக்கின்றன. சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கே சேர்வதானாலும், எந்த வேலை வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டு, அந்த வேலையின் அறிவிப்பில் கேட்கப்படும் தகுதியிலிருந்து பின்னோக்கி வந்து படிப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இனி கிரவுண்டுக்கு வருவோம். முதல் செமஸ்டரில் எல்லோரும் செய்யும் செய்முறை நாடித்துடிப்பு. கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதிலும் துடிப்பு உணரப்படும் என்பதால் கணக்கு குழம்பும். ஆள்காட்டி, நடு விரல்களை மணிக்கட்டில் வையுங்கள். 10 விநாடி எண்ணி ஆறால் பெருக்கும்போது, ஒரு துடிப்பை விட்டால் நிமிடத்துக்கு 6 துடிப்பு தவறிப்போகிறது. ஓடி முடித்தவரை நிறுத்தி, ‘ஸ்டாப்வாட்ச் யார்கிட்ட இருக்கு’ என்று தேடும் அரை நிமிடத்தில் துடிப்பு கணிசமாக இறங்கிவிடும். நீங்கள் எழுதப்போவது ஓட்டத்தின் துடிப்பு அல்ல, ஓய்வின் துடிப்பு. உச்சத் துடிப்புக்கு ‘220 கழித்தல் வயது’ என்பதைச் சட்டம்போல எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. அது ஒரு சராசரி மதிப்பீடுதான். 20 வயதுக்காரருக்கு அது 200 காட்டும், ‘208 கழித்தல் 0.7 பெருக்கல் வயது’ என்ற சூத்திரம் 194 காட்டும். ஒருவரின் உண்மையான உச்சம் இரண்டிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு விலகி இருப்பது சாதாரணம்.

பெட்டியில் ஏறி இறங்கவிட்டு, பிறகு துடிப்பு எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்து உடல்தகுதியைக் கணிக்கும் ஹார்வர்டு ஸ்டெப் டெஸ்டில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஆண்களுக்குப் பெட்டியின் உயரம் 20 அங்குலம், நிமிடத்துக்கு 30 முறை ஏறி இறங்க வேண்டும், மொத்தம் 5 நிமிடம். பெட்டி இல்லை என்று கேலரிப் படியிலேயே செய்துவிடுகிறார்கள். படி தாழ்வாக இருந்தால் எல்லோருமே நல்ல தகுதியோடு இருப்பதுபோல் எண் வரும். முடிந்தபின் 1 முதல் 1½ நிமிடம், 2 முதல் 2½, 3 முதல் 3½ என மூன்று அரை நிமிடங்கள் துடிப்பை எண்ண வேண்டும். முழு 300 விநாடி செய்தவருக்கு 80, 65, 55 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 200. குறியீடு: 300 பெருக்கல் 100 என்பதை, 2 பெருக்கல் 200 என்பதால் வகுக்க வேண்டும். விடை 75, சராசரிக்கு மேல். இதில் ரெக்கார்டு நோட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை, அரை நிமிட எண்ணிக்கையை நிமிடக் கணக்காக்கி 160, 130, 110 என்று போடுவது. குறியீடு 37.5 ஆகி, தேறியவர் மிக மோசம் என்ற வகைக்குப் போய்விடுகிறார். விடை விசித்திரமாக வந்தால் ஆளைச் சந்தேகிக்கும் முன் பெருக்கலைச் சந்தேகியுங்கள்.

12 நிமிடத்தில் ஓடிய தூரத்தை அளக்கும் கூப்பர் ஓட்டச் சோதனையைக் கடலூர் சில்வர் பீச் மணலில் வைத்துப் பார்க்கும் ஆசை பலருக்கு வரும். பயிற்சிக்குச் சரி, சோதனைக்குச் சரியில்லை. உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும். சூத்திரமோ கெட்டித் தரைக்கு எழுதப்பட்டது: ஓடிய மீட்டரில் 504.9 கழித்து 44.73 ஆல் வகுத்தால் வி.ஓ.2 மேக்ஸ், அதாவது உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு. 2,400 மீட்டர் ஓடியவருக்கு 42.4 வரும். டிராக்கில் ஓடவிட்டாலும் ஒரு கண்ணி இருக்கிறது. 400 மீட்டர் என்பது முதல் லேனுக்கு மட்டும். நான்காவது லேனில் ஒரு சுற்று சுமார் 422.4 மீட்டர். ஆறு சுற்று ஓடியவருக்கு சுமார் 134 மீட்டர் கணக்கில் வராமல் போகும், வி.ஓ.2 மேக்ஸில் அது 3 புள்ளி. கூட்டமாக ஓடவிட்டு எல்லோருக்கும் சுற்றை மட்டும் எண்ணினால் இதுதான் நடக்கும். 50 மீட்டருக்கு ஒரு கோன் வைத்து, ஒருவருக்கு ஒரு எண்ணுபவர் என்று நிறுத்துங்கள்.

100 மீட்டர் ஓட்டத்தில் முடிவுக்கோட்டில் நிற்பவர் விசில் சத்தம் கேட்டு ஸ்டாப்வாட்சை அழுத்தினால், சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்கவே ஏறக்குறைய 0.3 விநாடி ஆகும். அந்த அளவு நேரம் இலவசமாகக் குறைகிறது. தொடக்கக்காரர் கையை இறக்குவதைப் பார்த்து அழுத்துங்கள்.

செல்போன் வீடியோவால் உயிர்விசையியல் (உடல் அசைவின் இயற்பியல்) எளிதாகிவிட்டது என்பது பாதி உண்மை. தாவலில் காற்றில் இருந்த நேரத்தைக் கொண்டு உயரம் காணலாம்: நேரத்தின் வர்க்கத்தை 9.81 ஆல் பெருக்கி 8 ஆல் வகுக்க வேண்டும். அரை விநாடிக்கு 30.7 செ.மீ. சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேம் 0.033 விநாடி. ஒரே ஒரு ஃபிரேம் தள்ளிப் பார்த்தால் உயரம் 34.9 செ.மீ. ஆகிவிடும். நான்கு செ.மீ. முன்னேற்றம் என்று ப்ராஜெக்டில் எழுதுவது பல நேரம் இந்த ஒரு ஃபிரேம்தான்! 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். முழங்காலை மடக்கி இறங்குபவருக்குக் காற்றில் இருக்கும் நேரம் பொய்யாக அதிகமாகிவிடும், அந்தத் தாவலைச் சேர்க்காதீர்கள். கேமராவை ஸ்டாண்டில், இயக்கத் தளத்துக்கு நேர் செங்குத்தாக வையுங்கள். நண்பன் கையில் பிடித்தபடி கூடவே ஓடி எடுத்த வீடியோ இன்ஸ்டாகிராமுக்கு ஆகும்.

வைவாவில் விழும் பழைய குழி லாக்டிக் அமிலம். மறுநாள் வரும் தசைவலிக்கு அதைக் காரணம் சொன்னால் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். 24 முதல் 72 மணி நேரம் இருக்கும் வலி, பழக்கமில்லாத வேலையில், அதுவும் தசை நீண்டபடி இழுக்கும் அசைவில், தசை இழைகளுக்கு ஏற்படும் நுண்சேதத்தால் வருவது.

பாடப்புத்தக எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கால்பந்தும் ரக்பியும். அதையே மனப்பாடம் செய்யாமல் கபடிக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரெய்டு 30 விநாடிக்கு மேல் போகாது, பிறகு இடைவெளி, இப்படியே 20 நிமிடம் இரண்டு பாதி. அந்த வீரரைத் தினமும் 8 கிலோமீட்டர் மெதுவாக ஓடவிடுவது ஏன் போதாது என்று எழுதினால் தசைக்கு ஆற்றல் எப்படிக் கிடைக்கிறது என்ற ஆற்றல் அமைப்புப் பாடம் தானாகப் புரியும்.

கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்கென்று தனியான தவறுகள் உண்டு. 15 வீரர்களுக்கு 12 வாரப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் அளந்து, ‘பயிற்சி பலனளித்தது’ என்று முடிப்பது. பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இதற்கு மதிப்பில்லை. ஒரு சோதனையை இரண்டாம் முறை செய்பவர், பழக்கத்தாலேயே கொஞ்சம் நன்றாகச் செய்வார். நம் கரையோரத்தில் இன்னொரு சிக்கல்: முதல் அளவை ஜனவரியில், அடுத்ததை ஏப்ரல் கடைசியில் எடுத்தால், வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஓட்ட நேரத்தைக் கெடுத்துவிடும். காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாமல் வழியும், உடல் குளிராது. காலை ஆறு மணிக்கே இரண்டு அளவையும் எடுங்கள். வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் குறித்து வையுங்கள். வியர்வை இழப்பை அறிய, ஓடும் முன்னும் பின்னும் ஈர உடை இல்லாமல் எடை பாருங்கள். 62.4 கிலோ 61.2 ஆகி, இடையில் 500 மி.லி. குடித்திருந்தால், இழப்பு 1.7 லிட்டர். குடித்ததைக் கூட்ட மறப்பவர்கள் 1.2 என்று எழுதுகிறார்கள்.

18 வயதுக்குட்பட்ட பள்ளி மாணவர்களை அளப்பதானால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலையும், கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் முதல் அளவுக்கு முன்பே வாங்குங்கள். புள்ளியியலைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். எந்தப் புள்ளியியல் சோதனை போடப்போகிறோம் என்பதை அளவெடுக்கும் முன் கைடிடம் எழுதிக் காட்டுங்கள். கிரவுண்டில் பேனாவால் எழுதிய முதல் தாளைத் தூக்கிப்போடாதீர்கள். எக்ஸெலில் 11.4 என்பது 14.1 ஆகத் தட்டச்சாகியிருந்தால், திரும்பிப் பார்க்க அந்த வியர்வை பட்ட தாள் மட்டும்தான் இருக்கும்.